கையெழுத்துப் போடலாம், உத்தரவு போட முடியாது

காலை ஒன்பது மணிவாக்கில் தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். வாசலில் செருப்பு குவிந்து கிடக்கும். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பாட்டி, தன் முதியோர் உதவித்தொகை நாலு மாதமாக வராத கதையைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். ஆதாரில் முகவரி மாற்ற எம்.எல்.ஏ.விடம் சான்று வாங்க ஓர் இளைஞர் படிவத்தோடு நிற்பார். இடமாற்றல் கேட்டு ஒரு ஆசிரியை, டாஸ்மாக் கடையைத் தெருவிலிருந்து எடுக்கச் சொல்லி நாலைந்து பெண்கள், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் கல்யாணப் பத்திரிகையுமாக ஒரு குடும்பம். உதவியாளர் மனுக்களை வாங்கி அடுக்கி வைப்பார். எம்.எல்.ஏ. வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாகப் பார்த்து, 'தகுதி இருப்பின் ஆவன செய்யவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

அந்தக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு பாட்டி தாலுகா அலுவலகத்துக்குப் போவார். தாசில்தார் அதை மதிக்கலாம், ஃபைலில் சொருகிவிட்டு மறந்தும் போகலாம். அவரைக் கட்டாயப்படுத்த எந்தச் சட்டமும் இல்லை. அமைச்சர் உத்தரவு போடலாம், கலெக்டர் போடலாம். ஏன், கிராம ஊராட்சித் தலைவர்கூடக் காசோலையில் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்கலாம். லட்சக்கணக்கானோர் வாக்களிக்கும் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கு அரசுப் பணத்தில் ஒரு ரூபாய்க்குக்கூட நேரடியாகக் கையெழுத்துப் போடும் அதிகாரம் கிடையாது. இந்தப் பதவியைப் பற்றி நமக்கிருக்கும் குழப்பத்தில் பாதி இங்கே தொடங்குகிறது. அரசமைப்புச் சட்டம் அவருக்குக் கொடுத்த வேலை ஒன்று, நாம் அவரிடம் எதிர்பார்ப்பது வேறொன்று. அவருடைய அரசியல் வாழ்க்கை எழுவதும் விழுவதும் பெரும்பாலும் இரண்டாவதை வைத்துத்தான்.

சரி, சட்டம் கொடுத்த வேலை என்ன? சட்டம் இயற்றுவது, அரசு செலவழிக்கும் பணத்துக்கு ஒப்புதல் தருவது, அமைச்சர்களைக் கேள்வி கேட்பது, யார் ஆட்சி நடத்துவது என்பதைத் தன் ஆதரவால் தீர்மானிப்பது. அப்புறம் இரண்டு தேர்தல்களில் அவர் வாக்காளர். ஒன்று மாநிலங்களவைத் தேர்தல். தமிழ்நாட்டுக்கு அங்கே 18 இடங்கள், ஆறு ஆறாகக் காலியாகும், ஓர் இடத்தை வெல்ல 34 எம்.எல்.ஏ.க்களின் வாக்கு வேண்டும். மற்றொன்று குடியரசுத் தலைவர் தேர்தல். அதில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு 176. 1971 மக்கள்தொகைக் கணக்கை 234ஆல் வகுத்து, அதை ஆயிரத்தால் வகுத்து வந்த எண் அது. மக்கள்தொகை எவ்வளவோ ஏறிவிட்டது, அந்த எண் மட்டும் அப்படியே நிற்கிறது.

அவை 234 பேர் கொண்டதாக ஆனது 1967இல். இப்போதைய தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. நியமனத்தில் வந்துகொண்டிருந்த ஆங்கிலோ இந்திய உறுப்பினர் இடம் 2020இல் சட்டத்திருத்தத்தால் முடிந்துபோனது. மேலவை 1986லேயே கலைக்கப்பட்டுவிட்டது. ஆக, இந்த 234 பேர்தான் மொத்தச் சட்டமன்றமும். ஆனால் எல்லா எம்.எல்.ஏ.க்களும் ஒரே அளவுச் சுமையைத் தூக்குவதில்லை. 2021 தேர்தலின்போது சோழிங்கநல்லூர் தொகுதியில் வாக்காளர்கள் ஆறரை லட்சத்துக்கும் மேல். அதே சென்னையில் துறைமுகம் தொகுதியில் இரண்டு லட்சம்கூட இல்லை. இருவருக்கும் அவையில் ஒரே ஒரு வாக்கு, ஒரே அளவு நிதி.

இந்தப் பதவிக்கு வரச் சட்டப்படி தேவையானவை ரொம்பக் குறைவு. 25 வயது ஆகியிருக்க வேண்டும், மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். வைப்புத்தொகை 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் டெபாசிட் போச்சு. இந்தத் தொகை ஒருகாலத்தில் வெறும் 250 ரூபாய். 1996இல் ஈரோடு மாவட்டத்தின் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் கோரிக்கைகளைக் கவனிக்காத கோபத்தில் கூட்டம் கூட்டமாக வேட்புமனு போட்டார்கள். களத்தில் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைத்துத்தான் கொடுக்க முடிந்தது. தன் வாக்கைக்கூடத் தனக்குப் போட்டுக்கொள்ளாத வேட்பாளர்கள் அதில் பலர். அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள், சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றும் சேர்த்தார்கள். விவசாயிகளின் கோரிக்கையைவிட வேகமாக நிறைவேறியது இந்தத் திருத்தம்தான்.

சட்டத்தில் எழுதாத தகுதிகள்தான் உண்மையான படிக்கட்டு. கிளைச் செயலாளர், ஒன்றியச் செயலாளர், மாவட்டச் செயலாளர் என்று கட்சியில் ஏறி வர வேண்டும், அல்லது ஏறியவரின் கையைப் பிடித்திருக்க வேண்டும். போஸ்டர் ஒட்டி, பூத் கமிட்டி பார்த்து, தலைவர் வரும் நாளில் வேன் வேனாக ஆள் கூட்டிப்போய் இருபது வருடம் கழித்தவர் விருப்ப மனு வாங்குவார், தலைமை அலுவலகத்தில் நேர்காணலுக்கு நிற்பார். இரண்டு நிமிடத்தில் முடியும் அந்த நேர்காணலில் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் 'எவ்வளவு செலவு பண்ண முடியும்?' என்பதுதான் என்று கட்சிக்காரர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். தேர்தல் ஆணையத்தின் கணக்குப்படி ஒரு வேட்பாளர் 40 லட்சம் ரூபாய்வரை செலவழிக்கலாம், 2022இல் உயர்த்திய வரம்பு இது. உச்ச வரம்பு எவ்வளவு என்று எந்த டீக்கடையிலாவது சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். பட்டியல் வெளியாகும் இரவுக்கும் சின்னத்தை உறுதிசெய்யும் பி படிவம் கைக்கு வரும் நேரத்துக்கும் இடையில் பல வாழ்க்கைகள் கவிழ்ந்திருக்கின்றன. பெண்களுக்கு இந்தப் படிக்கட்டு இன்னும் செங்குத்து. 2021இல் வென்று அவைக்குள் போன பெண்கள் 12 பேர்தான்.

ஜெயித்தாயிற்று. புனித ஜார்ஜ் கோட்டையில் தற்காலிகப் பேரவைத் தலைவர் முன்னால் உறுதிமொழி எடுத்து, ஏட்டில் கையெழுத்திட்டு உள்ளே போகிறார். அவை நாள் பேரவைத் தலைவர் ஒரு திருக்குறளை வாசித்துப் பொருள் சொல்வதோடு தொடங்கும். அடுத்தது கேள்வி நேரம். புது உறுப்பினர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய மொழி இங்கே இருக்கிறது. கேள்விகள் எல்லாம் 'முன்வருமா' என்றுதான் முடியும். இன்ன ஊரில் இன்ன ஆற்றின் குறுக்கே பாலம் கட்ட அரசு முன்வருமா? அமைச்சர் எழுந்து, 'அத்தகைய கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை, பேரவைத் தலைவர் அவர்களே' என்பார். உறுப்பினர் துணைக் கேள்விக்கு எழுவார், இரண்டு வரி தலைவருக்கு நன்றி சொல்வார், அந்தப் பாலம் இல்லாததால் பள்ளிப் பிள்ளைகள் எட்டு கிலோமீட்டர் சுற்றிப் போவதைச் சொல்வார். அமைச்சர் 'நிதிநிலைக்கேற்ப வரும் காலத்தில் பரிசீலிக்கப்படும்' என்பார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் சடங்கு.

ஆனால் அதன் பின்னால் நடப்பதைப் பார்க்க வேண்டும். அந்தக் கேள்வி அவைக்கு வருவதற்கு முன்பே துறைச் செயலகத்துக்குப் போயிருக்கும். அங்கிருந்து மாவட்டத்துக்கு அறிக்கை கேட்டுக் கடிதம் போயிருக்கும். உதவிப் பொறியாளர் ஆற்றங்கரைக்குப் போய் அளந்திருப்பார், அல்லது அளந்ததாக எழுதியிருப்பார். அதுவரை பெயரே இல்லாமல் இருந்த அந்தப் பாலத்துக்கு ஒரு ஃபைல் பிறந்துவிட்டது. அமைச்சர் வாய் தவறி 'செய்து தரப்படும்' என்று சொல்லிவிட்டால் அது உறுதிமொழிக் கணக்கில் ஏறும். அதைத் துரத்தவென்றே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, மனுக்கள் குழு என்று மற்றவையும் உண்டு. கேமரா இல்லாத இந்தக் குழு அறைகளில்தான் ஓர் உறுப்பினரால் அதிகாரியை எதிரே உட்கார வைத்து விளக்கம் கேட்க முடியும். உத்தரவு போட முடியாதவருக்குக் கேள்வி கேட்கும் அதிகாரம்தான் ஆயுதம். இதைப் புரிந்துகொண்ட எம்.எல்.ஏ.க்கள் எல்லாக் கட்சியிலும் சிலர் உண்டு. அவர்கள் பையில் எப்போதும் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு இருக்கும், அதில் பென்சில் கோடு இருக்கும்.

சட்டம் இயற்றுவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மசோதாக்கள் கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் வரிசையாக வரும், 'ஏற்போர் ஆம் என்க' என்று கேட்டு வரிசையாக நிறைவேறும். ஒரு தனி உறுப்பினர் தான் நினைத்த மாற்றத்தைச் சட்டமாக்கிக் காட்டிய காலம் ஒன்று இருந்தது. 1927இல் சென்னை மாகாண சட்டசபைக்கு நியமிக்கப்பட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி முறையை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார், 1929இல் அதற்காகவே இந்து அறநிலையச் சட்டத்தில் திருத்தம் செய்யவைத்தார். முழுத் தடைச் சட்டம் 1947இல் வந்தது. இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவு என்ற கவலை அன்று அவருக்கு இல்லை.

இன்றைக்கு இருக்கிறது. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் நல்ல நோக்கத்தில் வந்ததுதான். கட்சி மாறி மாறி ஆட்சியைக் கவிழ்த்தவர்களைப் பார்த்துச் சலித்துப்போய்க் கொண்டுவந்தது. அதன்படி இரண்டு காரணங்களால் பதவி போகும்: தானாகவே கட்சி உறுப்பினர் தகுதியை விட்டுக்கொடுத்தால், அல்லது கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால், வாக்களிக்காமல் இருந்தால். தீர்ப்புச் சொல்பவர் பேரவைத் தலைவர், அவரோ ஏதாவது ஒரு கட்சியின் சின்னத்தில் ஜெயித்து வந்தவர். இந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2017ஐவிட நல்ல பாடம் கிடையாது. அந்த ஆண்டு பிப்ரவரி 18ஆம் தேதி அதிமுக முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்கு கோரினார். அணி மாறிவிடாதபடி தங்கவைக்கப்பட்டிருந்த கூவத்தூர் விடுதியிலிருந்து நேரே அவைக்கு அழைத்துவரப்பட்ட உறுப்பினர்களின் வாக்கோடு 122க்கு 11 என்று வென்றார். எதிர்த்து வாக்களித்த 11 பேர் அதே கட்சியின் ஓ. பன்னீர்செல்வம் அணி. ஆகஸ்டில் அணிகள் இணைந்தன, பன்னீர்செல்வம் துணை முதலமைச்சர் ஆனார். அந்த 11 பேர்மீது தகுதி நீக்கம் கடைசிவரை வரவில்லை. அதே கட்சியில் டி.டி.வி. தினகரன் பக்கம் நின்ற 18 பேர், முதலமைச்சருக்கு அளித்த ஆதரவைத் திரும்பப் பெறுவதாக ஆளுநரிடம் கடிதம் மட்டும் கொடுத்தார்கள். அவையில் எதிர்த்து வாக்களிக்கவே இல்லை. செப்டம்பர் 18ஆம் தேதி அவர்கள் பதவி போய்விட்டது. உயர் நீதிமன்றத்தில் முதலில் இரண்டு நீதிபதிகளும் வேறு வேறு தீர்ப்பு எழுதினார்கள், மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் நீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் முடிந்து புது உறுப்பினர்கள் வர 2019 மே ஆகிவிட்டது. இருபது மாதம் பதினெட்டுத் தொகுதி மக்கள் மனு கொடுக்க எம்.எல்.ஏ. இல்லாமல் இருந்தார்கள்.

இது தெரிந்த உறுப்பினர் என்ன செய்வார்? அவையில் கட்சி சொன்னபடி கை தூக்குவார், தன் திறமையையெல்லாம் தொகுதியில் காட்டுவார். அதற்குக் கையில் இருப்பது தொகுதி மேம்பாட்டு நிதி, ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். கேட்கப் பெரிதாகத் தெரியும். சராசரித் தொகுதி ஒன்றில் இரண்டே முக்கால் லட்சம் வாக்காளர்கள் என்று வைத்தால் தலைக்கு 110 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் பணமும் அவர் கைக்கு வராது. வேலையை அவர் பரிந்துரைப்பார், நிர்வாக ஒப்புதல் தருவது மாவட்ட ஆட்சியர், கட்டுவது அரசுத் துறை. அதனால்தான் நம் ஊர்களில் நிழற்குடைக்கும் உயர்கோபுர விளக்குக்கும் ரேஷன் கடைக் கட்டடத்துக்கும் பஞ்சமில்லை. ஐந்தாண்டுக்குள் கட்டி முடித்துப் பெயர் எழுதக்கூடியவை அவை. பாதாளச் சாக்கடை இந்த நிதியில் அடங்காது, மண்ணுக்கு அடியில் பெயரும் எழுத முடியாது. 2022இல் ஒவ்வொரு எம்.எல்.ஏ.விடமும் தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டுத் தரச் சொல்லி முதலமைச்சர் கடிதம் எழுதினார். 3 கோடியில் தீராத தேவைகள் அந்தப் பத்தில்தான் இருந்தன என்பதை அந்தக் கடிதமே ஒப்புக்கொண்ட மாதிரி.

சம்பள விஷயமும் இப்படித்தான். 2017 ஜூலையில் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆக உயர்ந்தபோது பெரிய சர்ச்சை. அதில் அடிப்படைச் சம்பளம் 30,000தான், மீதி தொகுதிப்படி, வாகனப்படி, தொலைபேசிப்படி என்று பிரியும். முகூர்த்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போக வேண்டிய கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா பத்துப் பதினைந்து இருக்கும். வெறுங்கையோடு போக முடியாது. சாவு வீட்டுக்கு மாலை, கோயில் கொடைக்கு நன்கொடை, கபடிப் போட்டிக்கு முதல் பரிசு. போகாத வீட்டில் 'ஓட்டுக் கேட்க மட்டும் வந்தாரு' என்ற பேச்சு ஐந்து வருடம் நிற்கும். இந்தக் கணக்கு 1,05,000க்குள் அடங்காது என்பது கூட்டிக் கழிக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். அடங்காத மீதி எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் நாம்தான், பத்திரிகை வைத்தவரும் நாம்தான்.

இவ்வளவும் செய்தும் பதவி எதில் தொங்குகிறது என்று பார்த்தால் தலை சுற்றும். 2021இல் தியாகராயநகரில் வெற்றி வித்தியாசம் 137 வாக்கு. 1971இலேயே காட்பாடியிலிருந்து அவைக்கு வந்த துரைமுருகன், அரை நூற்றாண்டு கழித்து அதே காட்பாடியில் 746 வாக்கில் தப்பினார். ராதாபுரத்தின் கதை இன்னும் விசேஷம். 2016இல் மு. அப்பாவு 49 வாக்கில் இன்பதுரையிடம் தோற்றார். செல்லாது என்று ஒதுக்கிய தபால் வாக்குகளை எண்ண வேண்டும் என்று வழக்குப் போட்டார். 2019இல் உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது, எண்ணவும் எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. தடை நீங்குவதற்குள் அந்த அவையின் ஐந்தாண்டே முடிந்துபோனது. அடுத்த தேர்தலில் அதே தொகுதியில் ஜெயித்து வந்த அப்பாவு, அவையின் பேரவைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

எவ்வளவு பெரிய ஆளும் இதற்கு விலக்கில்லை. ஒன்பது ஆண்டு முதலமைச்சராக இருந்த காமராஜர் 1967இல் தன் சொந்த ஊரான விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்கில் தோற்றார். இன்னொரு கோடியில் கருணாநிதி. 1957இல் குளித்தலையில் தொடங்கி 2016இல் திருவாரூர்வரை போட்டியிட்ட 13 சட்டமன்றத் தேர்தல்களிலும் தோற்காதவர். திமுக 15 பேரோடு முதல்முறை அவைக்குள் நுழைந்த அந்த 1957இல் அவர் பேசிய முதல் பேச்சு மாநில சுயாட்சியைப் பற்றியோ மொழியைப் பற்றியோ இல்லை. தன் தொகுதியில் இருந்த நங்கவரம் விவசாயிகளின் பிரச்சினையைப் பேசினார். தொகுதிக்காரனின் மனுவை அவையின் கேள்வியாக மாற்றத் தெரிந்தவர் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

தேர்தல் தேதி அறிவிக்கும் நாளில் நடத்தை விதிகள் அமலுக்கு வரும். அன்று மாலைக்குள் வருவாய்த் துறை ஊழியர்கள் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு வந்து நாற்காலிகளை உள்ளே தள்ளிப் பூட்டி, பூட்டுக்கு மேல் துணி சுற்றி அரக்கு வைத்துவிட்டுப் போவார்கள். விஷயம் தெரியாத யாரோ ஒருவர் மறுநாள் காலை மனுவோடு வந்து அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தோற்றவருக்கு ஓய்வூதியமும் அரசுப் பேருந்தில் இலவசப் பயணமும் மிஞ்சும். அந்த பஸ் பாஸை உண்மையிலேயே பயன்படுத்தும் முன்னாள் எம்.எல்.ஏ.க்கள் குறைவு.

பயன்படுத்தியவர்களில் ஒருவர் மதுரையின் நன்மாறன். மார்க்சிஸ்ட் கட்சிக்காரர், 2001இலும் 2006இலும் மதுரை கிழக்கில் ஜெயித்தவர், மேடையில் சிரிக்கவைத்தே ஆளுங்கட்சியைக் கிழிப்பவர். பத்தாண்டு எம்.எல்.ஏ.வாக இருந்தும் வாடகை வீட்டில்தான் இருந்தார். கடைசிக் காலத்தில் ஒருநாள் மதுரை கலெக்டர் அலுவலகத்துக்கு ஒரு காகிதத்தோடு வந்தார். வீடில்லாதவர்களுக்கு அரசு தரும் வீடுகளில் தனக்கும் ஒன்று ஒதுக்கக் கேட்டு அவரே எழுதிய மனு அது. 2021 அக்டோபரில் இறந்தார்.